களவு போன கப்பல்கள் – 7: ஒரு வாரம் முந்திய சேதி

சென்ற வாரம் ஜப்பான் கரையில் நின்றோம். 1830 ஜனவரி. ஷிகோகு தீவில் முகி என்ற மீனவ ஊருக்கு எதிரே நங்கூரமிட்டுக் கிடந்தது சைப்ரஸ். அந்நியக் கப்பல் எது வந்தாலும் விசாரிக்காமல் சுட்டு விரட்டு என்பது 1825ஆம் ஆண்டு ஆணை. அதன்படியே பீரங்கிகள் முழங்கின. அதற்கு முன் மீனவன் வேடத்தில் போய் உளவு பார்த்து வந்த சாமுராய் ஹமகுச்சி, கப்பலில் இருந்த நாயைப் பற்றிக்கூடக் குறிப்பு எழுதி வைத்தார். தின்பதற்கு வளர்த்ததாகத் தெரியவில்லையாம், செல்லமாக வளர்த்தது போல இருந்ததாம்.

புதிதாகச் சேர்ந்துகொண்ட வாசகர்களுக்காக முன்கதைச் சுருக்கம். சைப்ரஸ், வான் டீமன்ஸ் லேண்ட் அரசுக்குச் சொந்தமான சிறிய பாய்மரக் கப்பல். அந்தத் தீவைத்தான் இன்று டாஸ்மேனியா என்கிறோம். ஹோபார்ட்டிலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு, கொடுமைக்குப் பேர்போன மக்குவாரி துறைமுகச் சிறைக்குக் கிளம்பியது. வழியில் ரெஷர்ஷ் விரிகுடாவில் ஒதுங்கி நின்றபோது, 1829 ஆகஸ்ட் 14 அன்று, காவல் அதிகாரி லெப்டினன்ட் காரூ சிறு படகில் மீன்பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கைதிகள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். சிப்பாய்களையும் குடும்பங்களையும் உடன்பட மறுத்த கைதிகளையும், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை, கரையில் இறக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள். போனவர்கள் 18 பேர். அவர்களில் கடலை முறையாக அறிந்தவன் ஒருவன்தான்: வில்லியம் ஸ்வாலோ.

நியூசிலாந்து, சாத்தம் தீவுகள், டோங்கா, ஜப்பான். டோங்காவின் ஒரு தீவில் ஏழு பேர் இறங்கி நின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் இப்போது தென்சீனக் கடலில்.

*

சீனாவின் கான்டனை நெருங்கும்போது அவர்கள் கையில் ஒரு கப்பல் இருந்தது. அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

இதன் கனம் இன்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. 1786ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். எங்கே கட்டியது, எத்தனை பாய்மரம், எத்தனை தளம், எத்தனை டன், உடைமையாளர் யார் என்று எல்லாம் அந்தச் சான்றிதழில் இருக்கும். கப்பலின் பின்புறத்தில் பெயரும் ஊரும் பெயின்டால் எழுதியிருக்க வேண்டும். பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதுவதற்கு ஒரு பிற்பகல் போதும். சான்றிதழுக்கு எங்கே போவது?

கான்டனில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த அந்நியக் கப்பலும் தன்னிச்சையாக உள்ளே நுழைந்துவிட முடியாது. சீன அரசின் உரிமம் பெற்ற வணிகர் ஒருவர் அந்தக் கப்பலுக்குப் பிணை நிற்க வேண்டும். சுங்க அதிகாரிகள் வந்து நீள அகலம் அளந்து வரி போடுவார்கள். 108 டன் கப்பல், கந்தல் உடுத்திய பத்துப் பேர் அளவில் மாலுமிகள், வியாபாரச் சரக்கும் கிடையாது. ஏன் வந்தாய், எங்கிருந்து வந்தாய் என்ற கேள்விகளுக்குத் தப்பவே முடியாது.

எனவே, உலகின் பாதியைச் சுற்றி அவர்களைச் சுமந்து வந்த கப்பலை அவர்களே ஓட்டை போட்டு மூழ்கடித்தார்கள். இந்தத் தொடரில் இதுவரை நாம் பார்த்த திருடர்கள் திருடிய கப்பலைக் காசாக்கப் பார்த்தவர்கள். சைப்ரஸ் கைதிகளுக்குக் கப்பல் விலைப்பொருளாக இல்லை, வழியாக மட்டும் இருந்தது. வழி முடிந்ததும் அதைத் தடயம் இல்லாமல் ஆக்கிவிட்டுப் படகுகளில் கரையேறினார்கள்.

கரையேறியபோது ஸ்வாலோவுக்குப் புதுப் பெயர். எட்வர்ட் என்ற கப்பலின் கேப்டன் வால்ட்ரன். கப்பல் கடலில் மூழ்கிவிட்டது, உயிர் தப்பியது நாங்கள் மட்டும்தான் என்றான்.

கெட்டிக்காரப் பொய். கப்பல் மூழ்கியது உண்மை. அலைந்து களைத்த முகங்கள் உண்மை. பெயர்களும், மூழ்கடித்த கை யாருடையது என்பதும் மட்டுமே பொய்.

*

அன்றைய கான்டனில் ஆங்கிலேயரின் அதிகாரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது கிழக்கிந்தியக் கம்பெனிதான். தூதரகம் கிடையாது, பிரிட்டிஷ் நீதிமன்றம் கிடையாது. நதிக்கரை ஓரமாக ஒரு சின்னத் துண்டு நிலம், அதில் வரிசையாகப் பண்டகசாலைகள், அவற்றில் தேயிலைக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழும் கம்பெனி அதிகாரிகளின் குழு. கப்பல் உடைந்து வந்த மாலுமிகளை விசாரித்தவர்களும் இவர்களே.

நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? அந்தக் கடலில் கப்பல் உடைவது அன்றாடச் சேதி. புயல், பாறை, கொள்ளைக்காரர்கள் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. உடைந்த கப்பலின் மாலுமிக்கு இடம் கொடுத்து ஊர் சேர்ப்பது கடல்வழி வழக்கம். சிக்கனக்காரக் கம்பெனிக்கும் அதில் நட்டமில்லை, ஏனென்றால் நீண்ட பயணத்தில் பாய் இழுக்கக் கூடுதல் கைகள் எப்போதும் தேவை.

இப்படியாக ஸ்வாலோவும், ஜார்ஜ் டேவிஸ், வில்லியம் வாட்ஸ் உள்ளிட்ட கூட்டாளிகள் சிலரும் சார்லஸ் கிராண்ட் என்ற கம்பெனிக் கப்பலில் வேலை செய்தபடியே லண்டன் புறப்பட்டார்கள். பம்பாய்க் கப்பல்துறையில் கட்டப்பட்ட பெரிய கப்பல் அது. இந்தியாவுக்கு மிஷனரிகளை அனுப்பியே தீரவேண்டும் என்று ஓயாமல் வாதாடிய கம்பெனி இயக்குநரின் பெயர் அதற்கு. நாடு கடத்தப்பட்ட குற்றவாளிகளைக் கம்பெனியின் ஆசியோடு நாட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்த பெருமையும் அந்தப் பெயருக்குச் சேரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்வாலோவுக்கு இது முதல் திரும்பல் அல்ல. வாக்கர் என்ற பெயரில் முன்பே ஒருமுறை நாடு கடத்தப்பட்டு, தப்பி, இங்கிலாந்துக்கு வந்து, மறுபடி பிடிபட்டு, ஸ்வாலோ என்ற பெயரில் மீண்டும் கடத்தப்பட்டவன். தண்டனைக் காலம் முடியாமல் திரும்பி வருவதே அன்றைய சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம். அது தெரிந்தும் வருகிறான்.

*

சார்லஸ் கிராண்ட் போய்விட்டது. கான்டனில் தங்கிவிட்டவர்களில் ஒருவன் வாயைத் திறந்தான்.

எட்வர்டும் இல்லை, வால்ட்ரனும் இல்லை. நாங்கள் வான் டீமன்ஸ் லேண்ட் கைதிகள். வந்த கப்பலின் பெயர் சைப்ரஸ்.

கம்பெனி அதிகாரிகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். தேடப்படும் கைதிகளைத் தங்கள் கப்பலிலேயே ஏற்றித் தாங்களே வழியனுப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் இப்போது நடுக்கடலில். கூப்பிட்டு நிறுத்த வழியில்லை. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கடலடித் தந்தி வருவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன, 1871 வரை காத்திருக்க வேண்டும்.

செய்யக்கூடியது ஒன்றுதான். நடந்ததை எழுதி, லண்டன் போகும் வேறொரு கப்பலில் அனுப்புவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கடல் குற்றம் ஒவ்வொன்றிலும் இந்த இக்கட்டு இருக்கிறது. திருடனும் காற்றை நம்பித்தான் போகிறான், அவனைப் பிடிக்கச் சொல்லும் காகிதமும் அதே காற்றை நம்பித்தான் போகிறது. முன்னால் கிளம்பியவன் முன்னால் போய்ச் சேருவான் என்பதே பொது விதி. பிரிட்டிஷ் கடற்படையின் வலிமை பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். அந்த வலிமை முழுவதும் இந்த ஒரு விதிக்கு முன்னால் கைகட்டித்தான் நின்றது.

இரண்டு கப்பல்களும் ஒரே பெருங்கடல்களைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் ஒரே திசையில் போயின. ஒன்றில் இருந்தவர்கள் பாய் இழுத்து, தளம் கழுவி, கஞ்சி குடித்து, கேப்டன் வால்ட்ரனின் துரதிர்ஷ்டத்துக்கு அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில், தபால் கட்டுக்குள், வால்ட்ரன் யார் என்ற விவரம் முத்திரையோடு கிடந்தது.

காற்று இம்முறை சட்டத்தின் பக்கம் நின்றது. பின்னால் கிளம்பிய கடிதம் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக இங்கிலாந்து சேர்ந்தது.

அந்த ஒரு வாரம் மட்டும் மாறியிருந்தால்? லண்டனில் அப்போது 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். கப்பலிலிருந்து இறங்கி முதல் சந்து திரும்பிய மாலுமியை யாரும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. கைரேகைப் பதிவு இல்லை, புகைப்படம் இல்லை. நான் இந்தக் கதையை ஆறாவது பகுதியோடு முடித்திருப்பேன்.

*

இப்போது தேம்ஸ் நதிக்கு வருவோம். வாப்பிங் என்ற இடம்.

இங்கே 1798இல் தொடங்கியது தேம்ஸ் நதிப் போலீஸ். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் சர்க்கரையும் ரம்மும் கப்பலிலிருந்து கரை சேருவதற்குள் மாயமாகிக்கொண்டிருந்த காலம். ஆண்டுக்கு 5 லட்சம் பவுண்டு களவு போவதாகக் கணக்குக் காட்டினார் பாட்ரிக் கோல்குஹூன் என்ற நீதிபதி. ஜான் ஹாரியட் என்ற முன்னாள் மாலுமி திட்டம் தீட்ட, வணிகர்கள் பணம் போட்டார்கள். சம்பளம் வாங்கும் காவலர்கள், துடுப்புப் படகுகளில் இரவு பகலாக நதியைச் சுற்றினார்கள். தொடங்கிய சில மாதங்களிலேயே நிலக்கரி இறக்கும் தொழிலாளர்கள் திரண்டு வந்து அலுவலகத்தைத் தாக்கினார்கள். எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. சிந்திய சரக்கை அள்ளிக்கொள்வது தங்கள் கூலியில் ஒரு பங்கு என்றுதான் தலைமுறை தலைமுறையாக நினைத்திருந்தார்கள். திடீரென்று அதற்குத் திருட்டு என்று பெயர் வந்தால்?

1800இல் அரசே அந்தப் படையை ஏற்றுக்கொண்டது. 1829இல் ராபர்ட் பீல் லண்டன் மாநகரப் போலீஸை உருவாக்கியபோதும் நதிப் போலீஸ் தனியாகவே இயங்கியது. சார்லஸ் கிராண்ட் வந்து சேர்ந்தபோது ஆள் தயார், அலுவலகம் தயார், படகு தயார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயர்ப் பட்டியல் தயார்.

டேவிஸும் வாட்ஸும் பிடிபட்டார்கள். ஸ்வாலோ எங்கே?

அவன் நழுவிவிட்டிருந்தான். இரண்டு முறை சட்டத்தின் கையிலிருந்து வழுக்கியவனுக்கு மூன்றாவது முறை சொல்லியா தர வேண்டும்! ஆனால் இம்முறை அதிக நாள் நீடிக்கவில்லை. தேடிப் பிடித்தார்கள்.

பிடித்தாகிவிட்டது. அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. இவர்கள்தான் அவர்கள் என்று எப்படி நிரூபிப்பது? களவு போன கப்பல் சீனக் கடலின் அடியில். பறிகொடுத்த அதிகாரிகள் உலகின் மறுகோடியில். சிறைப் பதிவேட்டில் உயரமும் கண்ணின் நிறமும் பச்சை குத்திய அடையாளமும் இருக்கும், அதுவும் மறுகோடியில். நாங்கள் எட்வர்ட் கப்பல் மாலுமிகள் என்று அவர்கள் சத்தியம் செய்தால், இல்லை என்று சொல்ல லண்டனில் ஆள் வேண்டுமே.

ஆள் இருந்தான். பெயர் பாப்ஜாய்.

*

இவனுக்காக ரெஷர்ஷ் விரிகுடாவுக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும்.

பாப்ஜாயும் சைப்ரஸில் வந்த கைதிதான். கைப்பற்றியவர்களோடு கப்பலில் இருந்தவன், அவர்கள் புறப்படும் முன் கடலில் குதித்து நீந்திக் கரை சேர்ந்தான். அங்கே நிலைமை மோசம். பெண்கள், குழந்தைகள், சிப்பாய்கள், கொஞ்சம் உணவு. உதவிக்கு ஆள் அனுப்பப் படகு இல்லை, படகு கட்டக் கருவி இல்லை. பேனாக்கத்திகள் மட்டும் இருந்தன.

மோர்கன் என்ற வேல்ஸ்காரன் ஒருவன் இருந்தான். வேல்ஸ் ஆறுகளில் பரிசல் ஓட்டுவார்கள், ஒகேனக்கல்லில் நாம் ஏறுகிற அதே சாதிப் பரிசல், மூங்கிலுக்குப் பதில் வில்லோ குச்சி. அந்த நினைப்பில், வாட்டில் மரக் கிளைகளை வெட்டி வளைத்துக் கட்டினார்கள். நீலகிரிக்காரர்களுக்கு வாட்டிலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மலையையே பிடித்துக்கொண்ட மரம். கட்டிய சட்டத்தின் மேல் தூங்கும் தொட்டில்களின் கித்தான் துணியைப் போர்த்தித் தைத்தார்கள். தண்ணீர் இறங்காமல் இருக்க என்ன செய்வது? சோப்பையும் மரப்பிசினையும் சேர்த்துக் காய்ச்சி, பிசுபிசுப்பாகத் துணி முழுக்கப் பூசினார்கள். பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு வினோதமான மிதவை.

அதில் பாப்ஜாயும் மோர்கனும் ஏறி, திறந்த கடலில் ஏறத்தாழ இருபது மைல் துழாவிப் போனார்கள். பார்ட்ரிட்ஜ் தீவருகே ஒரேலியா என்ற கப்பல் கண்ணில் பட்டது. கரையில் கிடந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். (இந்தப் பரிசலை மார்கஸ் கிளார்க் நாற்பது ஆண்டுகள் கழித்துத் தன் கைதி நாவலில் அப்படியே எடுத்தாண்டார். அதுவும் பத்திரிகையில் தொடராகத்தான் வந்தது.)

பரிசாகப் பாப்ஜாய்க்கு மன்னிப்புக் கிடைத்தது. விடுதலையான மனிதன் என்ன செய்வான்? ஊருக்குத் திரும்பினான். 1830 இலையுதிர்காலத்தில் அவன் இங்கிலாந்தில் இருந்தான்.

பிடிபட்டவர்களை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் அடையாளம் காட்டினான். டேவிஸ், வாட்ஸ், ஸ்வாலோ என்று, சோற்றையும் சங்கிலியையும் பகிர்ந்த ஒருவனின் உறுதியோடு. எட்வர்ட் கப்பலும் கேப்டன் வால்ட்ரனும் அந்த அறையிலேயே காணாமல் போனார்கள்.

*

1830 நவம்பர். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம், அட்மிரால்டி அமர்வு.

கடலில் நடந்த குற்றத்துக்கு இங்கிலாந்தில் அதிகார எல்லை தனி. தாழ்ந்த ஓதக் கோட்டுக்கு அப்பால் அட்மிரால்டியின் ராஜ்யம். முற்காலத்தில் குற்றவாளி ஒப்புக்கொண்டால் அல்லது கண்ணால் கண்ட சாட்சி இருந்தால்தான் தண்டிக்க முடியும் என்றிருந்தது. கடலில் கண்டவனை உயிரோடு விட்டுவைக்கும் கொள்ளைக்காரன் யார்? 1536இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் அதை மாற்றி, கடற்கொள்ளையையும் ஜூரி வைத்து விசாரிக்கச் சொன்னது. கப்பலைக் கைதிகள் பறித்தால் அது கொள்ளையா, தப்பித்தலா, விரிகுடா கடலில் சேருமா என்றெல்லாம் சட்டப் புலிகள் மோதிக்கொள்ள இடமுண்டு. நான்கே ஆண்டுகளில் அதே மக்குவாரி துறைமுகத்தில் ஃபிரெடரிக் என்ற கப்பலைக் கைதிகள் கிளப்பிக்கொண்டு போய், பிடிபட்ட பின் அது கப்பலே அல்ல என்று வாதாடிய கூத்தும் உண்டு. அது தனிப் பகுதி, பின்னால் வரும்.

இந்த வழக்கில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம், தோற்றால் எங்கே போவோம் என்பது. நதிப் போலீஸ் அலுவலகம் இருந்த அதே வாப்பிங்கில், தாழ்ந்த ஓதக் கோட்டை ஒட்டி, கடற்கொள்ளையரைத் தூக்கிலிடும் துறை இருந்தது. 1701இல் கேப்டன் கிட் தொங்கிய இடம். பிணத்தின் மேல் மூன்று ஓதம் ஏறி இறங்கும் வரை விட்டுவைப்பது அங்கே பழைய வழக்கம்.

டேவிஸுக்கும் வாட்ஸுக்கும் எதிராகப் பாப்ஜாயின் சாட்சியம் கனமாக இருந்தது. ஸ்வாலோவின் கதை வேறு.

அன்றைய விதிகளைக் கவனியுங்கள். மரண தண்டனைக்குரிய வழக்கிலும் குற்றவாளியின் வக்கீல் ஜூரியைப் பார்த்து வாதாடக் கூடாது. 1836 வரை அதற்கு அனுமதி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவன் சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் ஏறவும் முடியாது, அதற்கு 1898 ஆகவேண்டும். கூண்டில் நின்றபடி, சத்தியம் இல்லாத வார்த்தைகளால், தன் கழுத்துக்காகத் தானே பேச வேண்டும்.

ஸ்வாலோவின் வாதம் இது. கப்பலைப் பிடித்தது நானல்ல. பிடித்தவர்களில் ஒருவனுக்கும் கப்பல் ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே என்னைப் போக விடவில்லை. மிரட்டி, ஓட்டு என்றார்கள். உயிருக்குப் பயந்து ஓட்டினேன்.

இதை எளிதில் ஒதுக்க முடியாது. அவன் இல்லாமல் அந்தக் கூட்டம் நியூசிலாந்தைக்கூடப் பார்த்திருக்காது. பிடித்து வைத்துக்கொள்ளக் காரணம் அவர்களுக்கு இருந்தது. மறுபுறம், ரெஷர்ஷ் விரிகுடாவிலிருந்து ஜப்பான் வழியாகச் சீனா வரை ஒரு கப்பலைக் கொண்டுபோனவன், கான்டனில் கம்பெனி அதிகாரிகள் முன்னால் தனியே நின்று பேச வாய்ப்புக் கிடைத்தபோது என்ன செய்தான்? காப்பாற்றுங்கள் என்று சொல்லவில்லை. வால்ட்ரன் ஆனான்.

பாப்ஜாய் கண்டது தொடக்கத்தை மட்டும். கப்பல் பாய் விரித்த பிறகு நடந்த மாதங்களுக்கு, கூண்டில் நிற்பவர்களைத் தவிர, அந்த மன்றத்தில் சாட்சி இல்லை. கொள்ளையிலிருந்து தப்பினாலும், தண்டனை முடியாமல் திரும்பி வந்த குற்றம் ஸ்வாலோவின் பின்னால் தனியாகக் காத்து நிற்கிறது.

ஜூரிகள் தலையைச் சேர்த்துக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். ஸ்வாலோ அந்தக் கைதிகளின் கேப்டனா, அந்தக் கைதிகளிடம் சிக்கிய கைதியா?

(தொடரும்)